டிக்கெட்டில் வெட்டிய சொல்

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். கண்டியில், நீதிமன்றத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடி அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் அறிக்கை என்று எது வந்தாலும் சிங்களத்திலிருந்து தமிழுக்கோ தமிழிலிருந்து சிங்களத்துக்கோ மாற்றி, அடியில் ‘இது உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுப்பேன். இருபது வருடமாக இதே வேலை. உண்மை என்ற சொல்லை நாளுக்குப் பத்துத் தடவை எழுதியவன் வீட்டில் எப்படிப் பொய்யனாக இருந்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் அது என்ன, ஏன் அப்படி என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் மருந்துப் பையை எட்டிப் பார்ப்பேன். “உங்களுக்கு எதுக்குங்க ஊர் வம்பு?” என்று என் மனைவி தொடையில் கிள்ளுவாள். அவள் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது அங்கேயே ஒரு பாடசாலையில் ஆசிரியை. தினமும் காலையில் பேராதனைக்குப் போய் பஸ் மாறிப் போய் வருகிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய பாடசாலைப் பிள்ளைகளைத்தான் ‘எங்க புள்ளைங்க’ என்பாள்.

ஐஸ் என்ற போதைப்பொருளின் பெயர் எத்தனை பொலிஸ் அறிக்கைகளில் என் கையால் போயிருக்கும்! மொழிபெயர்க்க அதில் ஒன்றுமே இல்லை. சிங்களத்திலும் ஐஸ், தமிழிலும் ஐஸ். இத்தனை மில்லிகிராம் ஐஸ், சந்தேக நபர், சட்டைப்பை, அவ்வளவுதான். அது ஆளை என்ன செய்யும் என்று எந்த அறிக்கையிலும் எழுதியிருக்காது. அது எனக்குள் நமைச்சலாகவே கிடந்தது. ஒரு பெரிய காணி வழக்கின் கட்டு மேசையில் மலை மாதிரிக் குவிந்திருந்த நேரம், என்னோடு படித்த ஒருவனைக் கம்பளை மார்க்கெட்டில் கண்டேன். “மச்சான், இத எடுத்தா தூக்கமும் வராது, களைப்பும் வராது” என்றான். அட, என்னதான் செய்கிறது பார்ப்போமே என்று வாங்கினேன். ஒரே ஒரு தடவை என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

அந்த நான்கு மாதமும் என் மனைவிக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. வருடக்கணக்காக நான் தொடாத அலுமாரியை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலி பண்ணித் துடைத்து அடுக்கினேன். அவளுடைய அக்கா மகளின் கல்யாணத்தில், ஒரு மூலையில் கதிரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிற நான், எழுந்து ஆடினேன். “இவருக்கு இப்பதாங்க வயசு திரும்புது” என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் நிறுத்தவில்லை.

பாடசாலை விடுமுறை நாள் ஒன்றில் காலையில் அது நடந்தது. நான் வழக்கம்போல் குளியலறைக்குள் அதை எடுத்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் யாரோ ஆணியை வைத்து அடித்த மாதிரி ஒரு வலி. அம்மா என்று கத்தினேன். இருந்த கதிரையிலேயே வளைந்துவிட்டேன்.

அவள் ஓடி வந்தாள். “வாயுங்க. நேத்து பருப்பு வேணாம்னு சொன்னேன், கேட்டீங்களா?” என்று திட்டிக்கொண்டே கொத்தமல்லி அவித்துத் தந்தாள். வலி அசையவில்லை. கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தாள். சந்தியில் இருக்கிற மீன் கடைக்கு ஓடிப்போய் ஐஸ்கட்டி வாங்கி வந்து, துவாயில் சுற்றி முதுகில் வைத்தாள். மீன் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அது கரைந்ததும் இன்னொரு தரம் ஓடினாள்.

அப்போதுதான் என் இடது காற்செருப்பு கழன்று தரையில் கிடப்பதைப் பார்த்தேன். அது கழன்றது எனக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பி என் பெருவிரலைப் பார்த்தேன். அசை என்றேன். அசையவில்லை. இன்னொரு தடவை, மனதுக்குள் கொஞ்சம் அதட்டியே சொன்னேன். சொன்னால் கேளாத பிள்ளை மாதிரி அது பேசாமல் கிடந்தது. பயம் வரும் முன்னே வந்தது ஆச்சரியம்தான். கட்டளை எங்கே போய் நின்றுவிடுகிறது, இடுப்பிலா, முழங்காலிலா? என் புத்தி அதைத்தான் யோசித்தது. பிறகு எழும்பப் பார்த்தேன். இரண்டு காலும் இல்லை. அப்போதுதான் பயம் வந்தது. வாய்விட்டே அழுதேன்.

பக்கத்து வீட்டுக்காரர் த்ரீவீலர் வைத்திருந்தார். அவரும் என் மனைவியும் என்னை மூட்டை தூக்குகிற மாதிரித் தூக்கி ஏற்றினார்கள். வாவியைச் சுற்றி அன்று அப்படியொரு வாகன நெரிசல். என் மனைவி தலையை வெளியே நீட்டி, முன்னால் நின்ற பஸ் சாரதியைச் சிங்களத்தில் ஏசிய ஏச்சை நான் எந்த மொழிக்கும் மாற்ற மாட்டேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் என்னைப் பார்க்க வந்தவர் ஒரு சிங்கள லேடி டொக்டர். அரச பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர். புத்தகத் தமிழை அப்படியே பேசினார். நான் சிங்களத்திலேயே பதில் சொன்னாலும் விடாமல் தமிழிலேயே கேட்டார். பஞ்சும் ஊசியும் எடுத்து என் பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டு வந்தார். “குத்துகிறதா?” இல்லை. “இப்போது?” இல்லை. தொடை, வயிறு, விலா. மார்புக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் சுள்ளென்றது. அங்கே நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே நான். கோட்டுக்குக் கீழே யாரோ.

ஊசி மருந்து ஒன்று போட்டதும் வலி கொஞ்சம் அடங்கியது. சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து அதே மாதிரிக் குத்தினார். இந்தத் தடவை பழைய கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே புதிய கோடு போட வேண்டியிருந்தது. அவருடைய முகம் மாறியது. என்ன நடக்கிறது என்று கேட்டேன். நல்ல மனுஷி, ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினார். முள்ளந்தண்டுக் குழாய்க்குள் முண்ணாண் என்கிற நரம்பு வடம் போகிறது. எங்கேயோ ஒரு சின்ன இரத்தக் குழாய் வெடித்து இரத்தம் கசிந்து கட்டியாகியிருக்கலாம். இரத்தம் வெளியே போக வழியில்லை, ஆகையால் முண்ணாணை நசுக்குகிறது. “தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பைப்பை மிதிப்பது போல” என்றார். ஸ்கேன் எடுத்து நிச்சயம் செய்தவுடனே எலும்பைத் திறந்து இரத்தத்தை அகற்ற வேண்டும். ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். தாமதித்தால் கால்கள் திரும்பாமலே போகலாம்.

முண்ணாண்! மருத்துவ அறிக்கைகளில் அந்தச் சொல்லை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

டொக்டரை ஒரு விஷயம் குடைந்துகொண்டே இருந்தது. ஏன் வெடித்தது? நான் விழவில்லை. இரத்தத்தை நீராக்கும் மாத்திரை எடுப்பதில்லை. பிரஷர் வருத்தம் இருந்ததில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்தார் போலும், என் மனைவியிடம் திரும்பினார்.

“அம்மா, மறைக்க வேண்டாம். ஐயா ஐஸ் பாவிக்கிறதா?”

தூங்குகிற மாதிரியே கிடந்து, இமை இடுக்கால் பார்த்தேன்.

“ஆமாங்க மிஸ்,” என்றாள் என் மனைவி. “நான்தான் குடுத்தேன்.”

டொக்டரின் பேனா நின்றது எனக்குக் கேட்டது. “நீங்கள் கொடுத்ததா? எப்போது?”

“காலையிலங்க. ரெண்டு தரம். மொதல்ல கொஞ்சமா குடுத்தேன். வலி கேக்கலனு பொறவு நெறய வாங்கியாந்தேன்.”

“எங்கே வாங்கியது?”

“சந்தியில மீன் கடையில. தெரிஞ்ச மனுசன், கேட்டா சும்மாவே குடுப்பாரு.”

பக்கத்துக் கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் மிஸி அப்படியே திரும்பி நின்றார். டொக்டர் குரலைத் தாழ்த்தினார். “நீங்களும் பாவிக்கிறதா?”

“முட்டி வலிச்சா நானும் வைப்பேங்க. எங்க ஸ்கூல்லயும் புள்ளைங்களுக்கு வைப்போம். விழுந்து எழும்புற வயசு பாருங்க, ஐஸ் இல்லாம முடியாது.”

ஐயோ என் ராசாத்தி! அத்தனை வேதனையிலும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டொக்டர் டிக்கெட்டில், அதாவது என் நோய்க் குறிப்பு அட்டையில், என்னவோ எழுதினார். எந்த மீன் கடை என்று மிஸி சிங்களத்தில் டொக்டரிடம் மெல்லக் கேட்டார். அந்த நேரம் பார்த்து என் மனைவி, “இந்தா, இன்னும் ஈரம் காயலயே” என்று அந்தத் துவாயை ஷொப்பிங் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். மீன் நாற்றம் வாட்டெல்லாம் பரவியது.

பிறகென்ன, வாட்டே சிரித்தது. டொக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு, “மன்னிக்கவும் அம்மா, நான் கேட்டது வேறு ஐஸ்” என்றார்.

“வேற ஐஸா? அது என்னங்க?”

போதைப்பொருள் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். என் மனைவி கையை உதறினாள். “ஆண்டவரே! இவரா? இவரு ஒரு சிகரெட்டு குடிச்சு நான் பாத்ததில்லைங்க. கோயில்ல கேட்டுப் பாருங்க, எப்பேர்ப்பட்ட மனுசன்னு.” அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த பெருமை இருக்கிறதே, அந்த ஆணியை விட அது ஆழமாக இறங்கியது.

டொக்டர் டிக்கெட்டில் எழுதிய சொல்லை ஒரே இழுப்பில் வெட்டினார். நான் கண்ணை முழுதாகத் திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. தப்பினோமடா சாமி என்று மூச்சுத்தான் விட்டேன். என்னைப் போல ஒரு கோழை கண்டியில் இன்னொருவன் இருக்க மாட்டான்.

ஸ்கேனில் டொக்டர் சொன்னபடியே இருந்தது. முள்ளந்தண்டுக்குள் இரத்தக் கட்டி, முண்ணாணை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. உடனே சத்திரசிகிச்சை என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த தலை, நிதானமான மனிதர். கடைசியாக எப்ப சாப்பிட்டனீங்கள், ஆடுற பல் ஏதும் இருக்கோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டிக்கெட்டைப் புரட்டியவர் நின்றார்.

“இதென்ன, ஒரு சொல் வெட்டிக் கிடக்கு?”

மிஸி அந்தக் கதையைச் சொன்னார். அவரும் சிரித்தார். ஆனால் என் கையைப் பிடித்து நாடி பார்த்தபடியே சிரித்தார். “பிரஷர் ஏறிக் கிடக்கு. நாடியும் ஓடுற ஓட்டம் சரியில்லையே,” என்றார்.

“பயத்துலங்க,” என்றாள் என் மனைவி. அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்திருப்பது எனக்குக் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பிறவிக் குணம். “டொக்டர், சும்மா ஒரு கேள்வி. ஒராள் அதை எடுத்திருந்தால் மயக்கம் கொடுக்கும்போது என்ன வித்தியாசம்?”

அவர் என்னையே பார்த்தார். “பிரஷர் விழுந்தால் தூக்கிறதுக்கு நாங்கள் குடுக்கிற மருந்துகள் சிலது அந்த ஆளுக்கு ஒத்துவராது. ஏறினால் கண்டபடி ஏறும். இதயம் தாளம் தப்பும். முன்னமே தெரிஞ்சால் வேற ஆயத்தத்தோட நிப்பன். தெரியாட்டி, ஆளை மேசையில கிடத்தினாப் பிறகுதான் தெரியவரும்.” கொஞ்சம் நிறுத்தினார். “சும்மாதானே கேக்கிறீங்கள்?”

நான் டிக்கெட்டில் வெட்டிக் கிடந்த சொல்லையே பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. “அக்கா, ஒருக்கா வெளியில நில்லுங்கோ,” என்றார்.

“நான் ஏங்க போகணும்?” என்றாள் அவள்.

போகச் சொல்லியிருக்கலாம். டொக்டரிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதும், உயிருக்கும் பாதகமில்லை, மானத்துக்கும் பாதகமில்லை. அவள் ஒருபோதும் அறிந்திருக்க மாட்டாள். ஆனால் மேசையில் நான் போய்ச் சேர்ந்தால், மீன் கடை ஐஸ்தான் தன் புருஷனைக் கொன்றது என்று சாகும் வரைக்கும் நினைத்திருப்பாளே! அந்தத் துவாயை அவள் இன்னமும் தோளில் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

“அவ இருக்கட்டும்,” என்றேன். “டொக்டர், அந்தச் சொல்லை வெட்டியது பிழை. அவ முதலில் சொன்ன பதில்தான் சரி.”

“எப்ப கடைசியா?”

“இன்றைக்குக் காலையில்.”

அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. வெட்டிய சொல்லுக்குப் பக்கத்தில் திரும்பவும் எழுதி, நேரத்தையும் எழுதினார். “நான் பொலிஸ் இல்லை. சொன்னது நல்லது. ஆயத்தப்படுத்திப்போட்டு வாறன்,” என்று வேகமாகப் போனார்.

என் மனைவி பாதத்திலிருந்து கையை எடுத்தாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“எத்தன நாளா?”

“நாலு மாசம். கம்பளையில வாங்குறது.”

“அலுமாரி அடுக்குனது?”

“ம்.”

“கல்யாணத்துல ஆடுனது?”

“ம்.”

“அடப் பாவி,” என்றாள். பாவிக்கிறது என்று டொக்டர் நீட்டிக் கேட்டதை அவள் சுருக்கிச் சொல்லிவிட்டாள். அழவில்லை. தள்ளுவண்டி வந்தது. கதவு வரைக்கும் கூடவே நடந்து வந்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கண் விழித்தபோது நான் உயிரோடு இருந்தேன். கால்கள் இல்லாத மாதிரியே கிடந்தன. இரத்தம் எடுத்தாயிற்று, முண்ணாண் எவ்வளவு அடிபட்டது என்று இனிமேல்தான் தெரியும் என்றார் லேடி டொக்டர். அந்தப் போதை எப்படி முதுகுக்குள் போய்க் குழாயை வெடிக்க வைத்தது என்று அவரைத் துளைத்தெடுத்தேன். அது இரத்த அழுத்தத்தைத் திடீரென்று தூக்கி அடிக்கும், மெல்லிய குழாய்கள் தாங்காது என்றார். “அதனால்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை,” என்றும் சொன்னார். இப்படிப்பட்ட வசனத்துக்கு நான் முத்திரை குத்தத் தயார்.

என் மனைவி தினமும் வந்தாள். சோறு ஊட்டினாள், உடம்பு துடைத்தாள், புரட்டிப் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மிஸியிடம் பேசுவாள், அடுத்த கட்டில்காரரிடம் கலஹா பஸ் நேரத்தைப் பற்றிப் பேசுவாள், என்னிடம் மட்டும் மூச்சு விடமாட்டாள். ஒரு நாள் பகல் வாளியை வைத்துக் கால் கழுவிக்கொண்டிருந்தவள், “என்னங்க! என்னங்க! அசையுது!” என்று கத்தினாள். இடது பெருவிரல். நான் எட்டிப் பார்த்து, அசை என்றேன். கொஞ்சமாக, மனமில்லாமல், அசைந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம்தான் தான் பேசாமல் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. “சும்மா தண்ணி பட்டிருக்கும்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் வந்தது, காலும் வந்தது. அவள் முதலில் கேட்டது, “இன்னும் வேணும்போல இருக்கா?” என்றுதான். இருக்கிறது என்றேன். படுத்த படுக்கையிலும் அதை நினைத்தால் வாய் உலர்ந்தது. அதற்கென்று தனியாக ஒரு டொக்டர் கிழமைக்கு ஒரு தடவை வந்து என்னோடு பேசினார். ஆனாலும் ஆசை போய்விட்டது என்று அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

உடற்பயிற்சி கொடுக்கிறவர் அலவத்துகொடைப் பக்கத்துப் பெண், முக்காடு போட்டவர், குரலில் சரியான அதிகாரம். இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் என்னை நிறுத்தினார். “பயப்பட வாணாம் அண்ணன், நான் புடிச்சிக்கிட்டுத்தான் ஈக்கிறேன்,” என்றார். எதிர்ப்பக்கம் என் மனைவியை நிற்க வைத்தார். இடது கால் போனது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. இரண்டு, மூன்று. “அக்கா, கொஞ்சம் பின்னுக்குப் போங்க, அண்ணன் வரட்டும்.” அவள் ஓரடி பின்னே வைத்தாள். நான் ஓரடி முன்னே வைத்தேன். நான்கு, ஐந்து. எனக்கு வந்த சந்தோஷத்தில் கூவவே செய்தேன்.

என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். சத்திரசிகிச்சை அன்றும் அழாதவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

“சந்தோஷத்துல அழுறாங்க,” என்றார் அந்தப் பெண்.

“சந்தோஷம் இல்லைங்க,” என்றாள் என் மனைவி. என்னைப் பார்த்தாள். “படுத்துக் கெடந்த வரைக்கும் நீங்க எங்க இருக்கீங்கனு எனக்குத் தெரியும். இனி கம்பளைக்கும் நீங்களாவே நடந்து போவீங்க. இப்பதாங்க எனக்குப் பயமே வருது.”

கம்பியைப் பிடித்தபடி நின்றேன். எனக்கும் அதே பயம்தான் என்றேன்.